வெந்நீர்ப் பம்பும் மடிக்கொடியும்

போன லீவுக்கு வந்தபோது திருத்தணி மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. இந்த லீவுக்கு வந்து இறங்கியபோது ஆந்திராவில் இருந்தது. ஊர் நகரவில்லை, ஸ்டேஷனும் மலையும் வைத்த இடத்திலேயே இருந்தன. புதிதாக என் கண்ணில் பட்டது ஒன்றுதான். சேஷகிரி சித்தப்பா தம் விடுதி வாசலில் 'எல்லா அறைகளிலும் வெந்நீர்' என்று தமிழிலும் தெலுங்கிலும் பலகை மாட்டியிருந்தார். எந்த சர்க்கார் ஆண்டாலும் ஜனங்கள் குளித்துத்தானே ஆகவேண்டும் என்பது அவருடைய ராஜதந்திரம்.

வெந்நீருக்கு மூலகாரணம் ஒரு பம்ப். யுத்தம் முடிந்து அரக்கோணத்தில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது சித்தப்பா எடுத்தது. பனி கொட்டும் தேசங்களில் சுடுநீரைக் குழாய்க்குள் சுற்றவிட்டு வீட்டையே சூடாக்குவார்களாம், அதற்கான பம்ப். எங்கோ போக வேண்டிய பெட்டி தவறி அரக்கோணத்தில் இறங்கிவிட்டது என்பார் சித்தப்பா. சித்திரையில் தண்டவாளம் நெளிகிற ஊருக்கு அறையைச் சூடாக்க ஒரு யந்திரம்! அதைப் பிரித்துப் பார்த்த அன்றே வெள்ளைக்காரன் மூட்டை கட்டத் தீர்மானித்திருப்பான் என்பது என் ஊகம்.

பூசணிக்காய் பருமன் இருக்கும். கொல்லை அடுப்பில் காயும் வெந்நீரைக் குழாய் வழியே அறை அறையாக அனுப்பி, மிச்சத்தைத் திரும்ப அழைத்து வந்துவிடும். வெந்நீர் வீதியுலா போகிறது, பம்ப் தோள் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார். மடைப்பள்ளி வம்சம், பார்ப்பதற்கெல்லாம் சந்தனம் சாத்தாவிட்டால் கை நிற்காது.

அன்று ஜம்பகத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஜம்பகம் சித்தப்பாவின் ஒரே பெண். எனக்கு ஆறு மாதம் இளையவள். புத்தியில் ஆறு வருஷம் மூத்தவள் என்பது அவளுடைய சொந்த அபிப்பிராயம். மாப்பிள்ளை வெங்கடசுப்பிரமணியன் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. அவனை அவள் ஏற்கெனவே பிளாட்பாரத்தில் பார்த்துவிட்டாள். நகர ஆரம்பித்த ரயிலில் எல்லாரும் ஓடி ஓடித் தொற்றிக்கொள்ள, அவன் மட்டும் அடுத்த ரயிலுக்கென்று பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தானாம்.

"பதறாத புருஷன் லேசுல கிடைக்க மாட்டான், அண்ணா. இவன்தான் எனக்கு வேணும்" என்றாள். காரியம் ஆக வேண்டுமானால்தான் நான் அண்ணா. மற்ற நாட்களில் குமாரு.

நடுவில் நின்றது அவன் தாயார் அபிராமசுந்தரி மாமி. மடி ஆசாரத்தில் மாமி ஒரு ஹைகோர்ட்டு. மேல் அப்பீல் கிடையாது. அதுவரை மூன்று பெண்களைத் தள்ளியிருந்தாள். ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடியைக் கையலம்பாமல் தொட்டார்களாம். இன்னொரு வீட்டில் மடித்துணி உலர்ந்த இடத்தில் பூனை நடந்ததாம். மூன்றாவது வீட்டில் குற்றமே தென்படவில்லையாம்; அதுதான் மாமிக்குச் சந்தேகமாகப் போய்விட்டது.

மாமிக்கு மடி போல மாமா சாமிநாதனுக்கு வெந்நீர். இழுப்பு உடம்பு, கத்தரி வெயிலிலும் வெந்நீரில்தான் குளிப்பார். பலகை சமாசாரம் காதில் விழுந்து, "உங்கள் விடுதியிலேயே இறங்கி ஸ்நானம் பண்ணிவிட்டுப் பெண்ணைப் பார்க்கிறோம்" என்று சொல்லி அனுப்பியதே அவர்தான். ஆக, வெந்நீரும் வர வேண்டும், மடியும் கெடக் கூடாது. இரண்டில் ஒன்று பிசகினாலும் ஜம்பகம் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

காலையில் பம்ப் மக்கர் செய்தது. ஒரேயடியாக ஓய்ந்துவிடவும் இல்லை. உம்ம்மென்று உறுமியது, சுழலவில்லை. கமிட்டிக் கூட்டம் மாதிரி சத்தம் மட்டும் வந்தது.

சித்தப்பா கஜபதியைக் கூட்டி வந்தார். ஊரில் பாதி வீட்டுக்கு மின்சாரக் கம்பி இழுத்தவன் கஜபதி; மீதி வீடுகள் இருட்டாயிருந்து தப்பின. அவன் கொல்லைக் கதவில் கை வைத்ததுமே அத்தையின் குரல் வந்தது. அகிலாண்டேஸ்வரி அத்தை சித்தப்பாவின் தமக்கை. சித்தி காலமான பிறகு சமையற்கட்டும் கொல்லையும் அவள் ஆளுகை.

"கொல்லை பூரா அலம்பி மடியா வச்சிருக்கேன். சம்பந்தி வர நாள். அவன் சுவத்துக்கு அந்தண்டையே நிக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. மதிலுக்கு மேல் கஜபதியின் தலை மட்டும் உதித்தது.

"ஏம்மா, நான் உள்ள வந்தா தீட்டு. நான் இழுத்துவுட்ட கரண்ட்டு உள்ள வந்துகினே கீதே, அது தீட்டு இல்லியா?"

"அதுக்கு ஜாதி ஏதுடா?"

"அதாம்மா அது ஆரை வேணா தொட்டுடுது."

அத்தை இந்த வாதத்தைக் கேட்காத மாதிரி என்னைப் பார்த்தாள். "குமாரு இருக்கானே, காலேஜ்ல படிக்கறானே. இவன் சொல்லட்டும், அவன் செய்யட்டும்."

நான் படிப்பது சரித்திரம். மின்சாரம் கண்டுபிடிப்பதற்கு முன்னால் செத்துப்போனவர்களைப் பற்றியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் குடத்துத் தண்ணீர் விழுந்தது. பம்பைத் தொடுவதற்கு முன் நான் மடியாக வேண்டுமல்லவா? அத்தை இன்னொரு குடத்தையும் கவிழ்த்தாள். சொட்டச் சொட்ட நான் பம்பை நோக்கி நடந்தேன்.

மதில்மேல் தலை அலறியது. "தம்பி, நில்லுங்க! ஈரத்தோட அதைத் தொட்டீங்க, படி ஏறாமலே நேரா சாமிகிட்ட பூடுவீங்க!"

"மடியில்லாம தொடப்படாது" என்றாள் அத்தை.

"மடியா தொட்டா ஆளே இருக்கமாட்டாரும்மா!"

இரண்டு சாஸ்திரங்களுக்கு நடுவே நான் சொட்டிக்கொண்டு நின்றேன். ஜம்பகம்தான் வழி கண்டாள். "அத்தை, பட்டுக்குத் தீட்டில்லேன்னு நீதானே சொல்லுவே? நனைக்காமலே மடிதானே அது?"

"ஆமாம். பட்டுக்கு எப்பவும் மடிதான்."

"கஜபதி, காஞ்ச பட்டுல கரண்ட் ஏறுமா?"

"ஏறாதும்மா. ஈரப் பருத்தின்னாதான் அதுக்குக் குஷி."

"மணையில நின்னா?"

"காஞ்ச பலகையா இருந்தா கால் வழியா மண்ணுக்கு எறங்காது."

ஜம்பகம் கையைத் தட்டினாள். "எல்லாம் நம்மாத்து ரூல்தான். ஒருத்தர் மடியா இருக்கறப்போ இன்னொருத்தர் தொடப்படாது, மணைமேல இருக்கணும், பட்டுக் கட்டிக்கணும். ஈரம் ஒண்ணுதான் வித்தியாசம்."

வீட்டில் காய்ந்த பட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அத்தையின் அரக்குப் புடவை. ஐந்து நிமிஷத்தில் உடம்பைத் துடைத்து, அரக்குப் புடவையை இடுப்பில் சுற்றி, பலாமரத்து மணைமேல் ஏறி நின்றேன். கல்லூரி நாடக மன்றத்தில்கூட எனக்கு இப்படியொரு வேஷம் கிடைத்ததில்லை.

கஜபதி ஒரு கழியின் நுனியில் மாட்டித் தன் ஆயுதத்தை இறக்கினான். ஹோல்டரில் ஒரு பல்பு. அதிலிருந்து இரண்டு ஒயர். அவ்வளவுதான். அத்தை அதற்கும் தீர்த்தம் தெளித்தாள். துடைத்து வெயிலில் காயவைத்தோம்.

"உனக்கு இதெல்லாம் எதுக்கு? நீ விரலாலேயே தொட்டுப் பார்ப்பியாமே" என்றேன்.

"நான் செய்யறத நீங்க செய்யாதீங்க தம்பி, நான் சொல்றத செய்யிங்க. மொதல்ல அந்த பல்பை, கரண்ட்டு கீதுன்னு தெரிஞ்ச எடத்துல வெச்சிப் பாருங்க."

"தெரிஞ்ச இடத்துல எதுக்குப் பார்க்கணும்?"

"பல்பே செத்திருந்தா? செத்த பல்பை வெச்சிகினு 'கரண்ட்டு இல்லே'ன்னு கை வெச்சவனைத் தோளு குடுத்துத் தூக்கிகினு போயிருக்கேன்."

ரேழியில் மெயின் பலகைக்குப் பக்கத்துப் பிளக்கில் பல்பை வைத்தேன். எரிந்தது. பிறகு பம்புக்குப் போகும் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். "அதை அங்கியே வெச்சிட்டு வராதீங்க! இடுப்புல சொருவிக்குங்க. புண்ணியவான் எவனாவது திரும்ப மாட்டிடுவான்" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. அரக்குப் புடவையில் சொருகிக்கொண்டேன். பம்பின் முனைகளில் பல்பை வைத்தேன், எரியவில்லை. திரும்பவும் பிளக்கில் வைத்தேன், எரிந்தது. பல்பு உயிரோடு இருந்தது, பம்ப் செத்திருந்தது. இப்போது தொடலாம்.

பம்பின் முதுகில் ஒரு திருகு மூடி. கழற்றி, உள்ளே அச்சின் நுனியில் திருப்புளியை வைத்துத் திருப்பினேன். அசைந்து கொடுக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பு காரையாகப் படிந்திருந்தது. அதன்மேல், மூடி இடுக்கில் வழிந்திறங்கிய வெள்ளிக்கிழமைச் சந்தனம் அடுக்கடுக்காக. பட்டாளத்துப் பம்புக்கு எங்கள் சித்தப்பா சமாதி கட்டியிருந்தார். சுரண்டி, எண்ணெய் விட்டு, மெல்ல மெல்ல ஆட்டினேன். 'கடக்'கென்று விட்டது. காற்றுத் திருகைத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்றும், பின்னால் கொஞ்சம் வெந்நீரும் வந்தன.

எல்லாரையும் எட்டி நிற்கச் சொல்லி, பியூஸை மாட்டினேன். பம்ப் சுழன்றது. சித்தப்பா கற்பூரத்தைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"இருங்க தம்பி. ஓடுறது ஒண்ணு, ஒழுங்கா ஓடுறது ஒண்ணு. பியூஸைப் பிடுங்கிகினு, கெணத்தடி ஈர மண்ணுல கடப்பாரையை நட்டு, பல்போட ஒரு ஒயரை அதுல கட்டுங்க. அப்பறமா பியூஸைப் போட்டு, இன்னொரு ஒயரை பம்பு மேல வைங்க. ரப்பரை மட்டும் புடிங்க. அடுத்த கை முதுகுக்குப் பின்னால போவட்டும்."

செய்தேன். பம்பின் மேலோடு வெறும் இரும்பு, எரியக் கூடாது. எரிந்தது. பிரகாசமாக இல்லை, பரீட்சை முடிவு வந்த மறுநாள் என் முகம் எரிவதுபோல மங்கலாக.

"உள்ள சுத்தியிருக்கிற கம்பி எங்கியோ தோல் உரிஞ்சி ஒடம்புல படுது. தொட்டா அடிக்கும். பிடுங்குங்க, பிடுங்குங்க!"

பிடுங்கி இடுப்பில் சொருகினேன். "அப்படி ஒழுகற கரண்ட் மண்ணுக்குப் போறதுக்குத்தானே ஒரு செம்புக் கம்பி போட்டே?" என்றேன். சாக்கடையோரம் உப்பும் கரியும் கொட்டி மூடிய குழி எனக்குத் தெரியும். பம்பின் காலில் ஆரம்பித்த செம்புக் கம்பியைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். அது குழிப்பக்கம் போகவில்லை. சுவரேறி, கொல்லையைக் குறுக்கே கடந்து, வேப்பமரக் கிளையில் அழகாக முடிச்சுப் போட்டு நின்றது. அதன்மேல் அத்தையின் ஒன்பது கஜம் உலர்ந்துகொண்டிருந்தது.

"அது என் மடிக்கொடி" என்றாள் அத்தை.

"அத்தை, அது மண்ணுக்குள்ள போக வேண்டிய கம்பி!"

"போயிண்டுதான் இருந்தது. சாக்கடையோரம் கண்டவா மிதிக்கற மண்ணு. அந்தத் தீட்டு கம்பி வழியா ஏறி என் மடிக்கு வராதா? அதான் கீழ வெட்டச் சொல்லி மரத்துல கட்டச் சொன்னேன்."

"யார் வெட்டினா?"

அத்தை மதிலைப் பார்த்தாள். கஜபதியின் தலை மெல்ல அஸ்தமித்தது.

"ஒரு தூக்கு புளியோதரை கொடுத்தேன்" என்றாள் அத்தை.

"நல்லா இருந்திச்சிங்க" என்றது மதில்.

"இத்தனை நாள் உனக்கு அடிக்கலையா அத்தை?"

"எப்பவாவது துணி நுனி பட்டா சுரீர்னும். மடிக்கு அத்தனை வீரியம்னு இருந்துட்டேன். நான் எங்கே கொடியைத் தொடறேன்? கோலால போடுவேன், கோலால எடுப்பேன்."

காய்ந்த மூங்கில் கோல். அத்தையை இத்தனை நாள் காப்பாற்றியது அதுதான். எல்லாருமாக அந்தக் கோலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜட்கா வந்து நின்றது. அத்தை முன்கட்டுக்கு ஓடினாள். நான் புடவையைக் களையப் பார்த்தேன். என் வேஷ்டி அத்தை ஊற்றிய குடங்களில் நனைந்து கிடந்தது. கொல்லையோரக் கரி அறைக்குள் ஒளிந்தேன்.

கரி அறை இடுக்கு வழியாக மற்றதைப் பார்த்தேன். சாமிநாத மாமா நாற்காலியில் சாய்ந்ததும் சாயாததுமாக, "வெந்நீர் ரெடியா?" என்றார். மாப்பிள்ளை வெங்கடசுப்பிரமணியன் பதறாமல் செருப்பைக் கழற்றினான். அபிராமசுந்தரி மாமி காபி வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு நேரே கொல்லைக்கு வந்தாள். கிணற்றில் தானே நீர் சேந்தித் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஈரப்புடவையோடு, பிழிந்த துணியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கொடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொடி உங்களோடதா?"

"செம்புக் கம்பி. என்னைத் தவிர ஒருத்தர் நிழல் பட்டதில்லே. இந்தாங்கோ கோல்" என்றாள் அத்தை பெருமையோடு.

"வேத்தாத்துக் கொடின்னா நான் ஒரு தடவை ஈரத்துணியால துடைச்சுட்டுத்தான் போடறது" என்று மாமி கோலை ஒதுக்கிவிட்டுத் துவைக்கிற கல்லில் ஏறினாள்.

எனக்குக் கவலை இல்லை. பியூஸ் என் இடுப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் ஒரு சத்தம் காதில் விழுந்தது. கீர்ர்ரென்று, சீராக, சுகமாக.

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

ரேழியிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "ஜம்பகம்! பியூஸை எவனோ எடுத்துண்டு போயிட்டான். உன் கொண்டை ஊசியைச் சொருகினேன், பேஷா ஓடறது! மாமாவுக்கு வெந்நீர் இதோ!"

மாமியின் ஈரத்துணி கொடியை நோக்கி உயர்ந்தது. மதில்மேல் மறுபடி உதித்த தலை "அம்மா, கரண்ட்டு!" என்று கத்தியது. மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்ட்டுக்கெல்லாம் பயப்படுகிற ஆசாரமா அது? நான் "மாமி, ஷாக் அடிக்கும்!" என்று கத்தினேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைக் குரலுக்கு மாமி செவி கொடுப்பதில்லை.

ஜம்பகம் கொல்லைப்படியில் நின்றாள். பாவாடை தாவணி இல்லை, புடவை. தலை நிறையப் பூ. அவள் ஒரே ஒரு கணம் ரேழிப்பக்கம், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த திக்கைப் பார்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"மாமி! அந்தக் கொடி தீட்டு!"

கை அந்தரத்தில் நின்றது. கொடிக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அபிராமசுந்தரி மாமி மெல்லக் கையை இறக்கி, கல்லைவிட்டும் இறங்கினாள்.

"குடியைக் கெடுத்தியேடி!" என்று அத்தை தலையில் கை வைத்தாள்.

நான் கரி அறையிலிருந்து பாய்ந்து, அரக்குப் புடவையோடும் கரியோடும், மாப்பிள்ளையையும் அவன் தகப்பனாரையும் தாண்டி ஓடி மெயினை அணைத்தேன். மாமா திடுக்கிட்டு எழுந்தார். மாப்பிள்ளை மட்டும், "நமஸ்காரம்" என்றான்.

திரும்பி வந்தபோது கொல்லையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"என்ன தீட்டு?" என்றாள் மாமி.

ஜம்பகத்தின் குரல் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை. "பம்புல இருக்கு மாமி. கம்பி வழியா வந்து கொடியில ஏறிடுத்து. தொட்டா ஒட்டிக்கும். தொட்டவாளை இன்னொருத்தர் தொட்டா அவாளுக்கும் ஒட்டிக்கும்."

"ஈரத்துணியில?"

"உடனே ஏறும்."

"பட்டுல?"

"காஞ்ச பட்டுல ஏறாது. மணையில ஏறாது. மூங்கில் கோல்ல ஏறாது."

"கம்பளியில?"

"காஞ்சிருந்தா ஏறாது மாமி."

மாமி தலையை ஆட்டினாள். எல்லாம் அவள் கேள்விப்பட்ட சட்டம்தான். "ஸ்நானம் பண்ணினா போயிடுமா?"

"ஸ்நானம் பண்ணினா ஆளே போயிடுவா."

மாமி கொடியைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், என் இடுப்புப் புடவையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருந்தோம். ஜம்பகம் தலைப்பூவில் ஒரு இதழைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு ஆத்துல பார்த்துட்டேன்" என்றாள் மாமி கடைசியில். "அவா அவா ஆத்துத் தீட்டை மூடி மறைக்கத்தான் பார்த்தா. தன் ஆத்துக் கொடியைத் தீட்டுன்னு சம்பந்தி முகத்துக்கு நேரா கத்தறவளை இப்பத்தான் பார்க்கறேன். அதுவும் எனக்கே தெரியாத தீட்டு!"

உள்ளேயிருந்து மாமா எட்டிப் பார்த்தார். "ஏண்டி, பொண்ணு பாடுவாளான்னு கேட்டியோ?"

"பாடினாளே, காதுல விழலையா?" என்றாள் மாமி. "சுருதி சுத்தம். தேதி குறிச்சுடுங்கோ."

வெங்கடசுப்பிரமணியன் சிரித்ததாக ஜம்பகம் பின்னால் சொன்னாள். நான் கவனிக்கவில்லை, வேஷ்டி தேடிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு வேப்பமரத்திலிருந்து சுவருக்குப் புதிதாகத் தேங்காய் நார்க் கயிறு கட்டினோம். மெயின் அணைந்தே இருக்க, மதிலுக்கு மேலிருந்து கஜபதி சொல்லச் சொல்ல, செம்புக் கம்பியை மரத்திலிருந்து அவிழ்த்து, சாக்கடையோரக் குழியில் மிச்சமிருந்த துண்டோடு முறுக்கிச் சேர்த்தேன். கொண்டை ஊசியைப் பிடுங்கி ஜம்பகத்திடம் கொடுத்துவிட்டு, சரியான பியூஸைப் போட்டேன். எல்லாரும் தள்ளி நின்றோம். மெயினைத் தட்டினேன்.

பட்டென்று பியூஸ் போயிற்று.

"ஆங்! பார்த்தீங்களா?" என்று கஜபதி மதில்மேல் பூரித்தான். "ஒழுகற கரண்ட்டு மொத்தமும் மண்ணுக்குப் பூட்டுது, பியூஸ் புட்டுகினு நிறுத்திடிச்சி. இனிமே ஆரு தொட்டாலும் ஒண்ணும் ஆவாதுங்க. பத்திரம்!"

"பம்ப் ஓடுமா?" என்றார் சித்தப்பா.

"அது ஓடாதுங்க. உள்ள கம்பியைப் பூரா புதுசா சுத்தணும்."

சித்தப்பாவின் முகம் விழுந்தது. உச்சி வெயில். குளியலறைக்குள் சாமிநாத மாமா போய்த் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. வெந்நீர்க் குழாயை அடைத்துவிட்டு மொட்டைமாடி இரும்புத் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. திறந்துவிட்டோம். காலையிலிருந்து வைகாசி வெயிலில் கிடந்த தொட்டி. சித்தப்பா கண்ணை மூடி, மலையிருந்த திக்கில் கைகூப்பினார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அடுத்து ஒரு கத்தல்.

"யாரங்கே! பம்பைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்கோ, தோல் உரியறது! ஒரு வாளி பச்சைத் தண்ணி கொண்டு வாங்கோ!"

சித்தப்பா நிமிர்ந்து நின்றார். "இதோ குறைச்சுட்டேன்!" என்று கம்பீரமாகப் பதில் சொல்லிவிட்டு, செத்துக் கிடந்த பம்புக்குச் சந்தனம் கரைக்கப் போனார்.